சீல் குத்திய தாளை விட மனமில்லாத ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சி, சென்னை விமான நிலையங்கள் வழியாகவும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவும் காய், கனி, பூ, மீன் அனுப்பும் ஏற்றுமதியாளர்களுக்கும், அவர்களுடைய கோப்புகளைச் சுமந்து திரியும் சுங்க முகவர்களுக்கும்,



உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. மின்சான்றிதழ் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தலையாட்டுகிறீர்கள். அரசாங்கம் தாமதிக்கிறது, தளம் அடிக்கடி படுத்துக்கொள்கிறது, பக்கத்து நாட்டுக்காரன் முன்னே போய்விட்டான் என்று குறைபடுகிறீர்கள். அந்தக் குறைகளில் நியாயம் உண்டு. ஆனால் கவுன்டரில் நிற்கும்போது, “எதுக்கும் சீல் போட்டு ஒரு ஒரிஜினலும் குடுத்துடுங்க சார்” என்று கேட்பவர்களும் நீங்களேதான். தாள் ஒழியாததற்கு அரசு அலுவலகங்கள் ஒரு காரணம் என்றால், அந்தத் தாளின் மேல் நமக்கிருக்கும் பற்று இன்னொரு காரணம். இந்த மடல் பெரும்பாலும் அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றியது. அரசிடம் கேட்க வேண்டியதைப் பின்னால் கேட்கிறேன்.

ஏற்றுமதி ஆவணப் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பைட்டோ என்று தட்டிக்கொண்டிருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாளின் மேல் பற்று வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பைட்டோ என்று நாம் சுருக்கிச் சொல்லும் தாவர நலச் சான்றிதழ், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கும் வாக்கு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்சரா என்னும் நுண்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரிலிருந்தே அழித்தது. அதைக் கண்டு பயந்த ஐரோப்பிய நாடுகள் சில 1878இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. செடிகொடிகள் எல்லை தாண்டுவதைப் பல நாடுகள் சேர்ந்து கண்காணிக்கும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1951இல், உணவு வேளாண் அமைப்பின் கீழ், பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. இன்று நம் கையில் இருக்கும் பைட்டோவின் கட்டங்களும் வாசகமும் அந்த உடன்படிக்கையின் இணைப்பில் உள்ள மாதிரியைப் பின்பற்றியவை. நைரோபியில் வாங்கினாலும் மீனம்பாக்கத்தில் வாங்கினாலும் கட்டங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த வாக்கைத் தாளில் எழுதிய காலத்தில், அது போலியில்லை என்று காட்ட மையையும் முத்திரையையும் நீர்க்குறியையும் விட்டால் வேறு வழி கிடையாது. அதனால் மையைப் பற்றியே சட்டம் எழுதினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் விலங்குவழிப் பொருட்களின் சான்றிதழில், கையெழுத்தின் நிறம் அச்செழுத்தின் நிறத்திலிருந்து வேறாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முத்திரைக்கும் அதே விதிதான். இறால் அனுப்பியவர்களுக்கு இது தெரியும். மாதக்கணக்கில் குளத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்த சரக்கு, கறுப்புப் பேனாவால் போட்ட ஒரு கையெழுத்தால் நிற்கலாம். இப்படிப் பழக்கப்பட்ட நமக்குச் சீல்தான் தெய்வம் என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது நாம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பைட்டோவுக்கு விண்ணப்பிப்பது இணையத்தில், 2011இல் பி.க்யூ.ஐ.எஸ். தளம் வந்ததிலிருந்தே அப்படித்தான். கட்டணமும் இணையத்தில். ஆய்வு நேரில் நடக்கிறது, அது அப்படித்தான் நடக்க வேண்டும். அதன் பிறகு பல சரக்குகளுக்கு இன்றும் என்ன நடக்கிறது? சான்றிதழ் அச்சாகிறது, கையெழுத்தும் சீலும் வாங்குகிறது, ஸ்கேன் ஆகிச் சுங்கத்தின் இ-சஞ்சித் தளத்தில் ஏறி ஓர் ஐ.ஆர்.என். எண் பெறுகிறது, வாட்ஸ்அப்பில் வாங்குபவருக்குப் போகிறது. ஒரிஜினல் விமானச் சரக்கின் பவுச்சிலோ கொரியரிலோ கிளம்புகிறது. போய்ச் சேர்ந்த ஊரில் ஒருவர் அதைப் பார்த்து அதே விவரங்களை மறுபடி தன் கணினியில் தட்டுகிறார். கணினியில் பிறந்த தகவல் தாளாகி, கடல் கடந்து, மறுபடி கணினிக்குள் போகிறது. இடையில் நடந்த அத்தனையும் தண்டச்செலவு.

ஒரு பெட்டி முருங்கைக்காயின் எடை எத்தனை இடத்தில் தட்டப்படுகிறது என்று உங்கள் அலுவலகத்தில் அந்த வேலை பார்க்கும் பையனைக் கேளுங்கள். இன்வாய்ஸில், பேக்கிங் லிஸ்ட்டில், சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்துக்குப் போகும் ஷிப்பிங் பில்லில், பைட்டோ விண்ணப்பத்தில், சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் தளத்தில், ஆய்வகத்தின் படிவத்தில், ஏர்வே பில்லில். ஐரோப்பா என்றால் அங்கே இருக்கும் இறக்குமதியாளர் ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ரேசஸ் தளத்தில் இன்னொரு தரம். ராத்திரி விமானத்துக்குக் கட்-ஆஃப் நெருங்கும் நேரத்தில் 480 கிலோ ஓரிடத்தில் 408 ஆகும். இடம் மாறிய அந்த இரண்டு இலக்கங்களுக்காக அக்கரையில் சரக்கு குளிர்அறைக்குப் போகாமல் வெளியே கிடக்கும். முருங்கையாவது கொஞ்சம் தாங்கும். மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

இந்தக் குழப்பத்துக்கு மேல்தான், “நாங்க டிஜிட்டல் ஆயிட்டோம்” என்று பி.டி.எஃப். கோப்பைக் காட்டுகிறோம். பி.டி.எஃப். என்பது தாளின் புகைப்படம். அதை மனிதன் படிக்கலாம், இயந்திரம் நம்பி வாங்கிக்கொள்ள முடியாது. அதில் ஓர் எண்ணை மாற்றித் திரும்ப அனுப்புவதற்கு இன்று பள்ளிப் பிள்ளை போதும். கியூ.ஆர். குறி அச்சடித்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குறி எந்தத் தளத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும் என்பதைக் குறியை அச்சடிப்பவன்தான் தீர்மானிக்கிறான். போலித் தாளை அச்சடிக்கிறவனால் அசல் மாதிரியே ஒரு போலித் தளத்தையும் கட்ட முடியும்.

மின்-பைட்டோ வேறு வகை. ஆய்வாளர் ஒப்புதல் கொடுத்ததும் நம் நாட்டுக் குவாரன்டைன் அலுவலகத்தின் கணினியில் ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பு உருவாகிறது. அது வாங்கும் நாட்டின் குவாரன்டைன் கணினிக்கு நேரே போகிறது. முன்பெல்லாம் இரண்டு நாடுகள் இப்படிப் பரிமாறிக்கொள்ள வேண்டுமென்றால் தனியாகப் பேசி, தனியாக இணைப்புக் கட்ட வேண்டும். நூறு நாடுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றால் 4,950 இணைப்புகள். அதனால்தான் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கைக்காரர்கள் நடுவே ஒரு பொது மையம் வைத்தார்கள். ஹப் என்று பெயர். ஐ.நா.வின் பன்னாட்டுக் கணினி மையம் அதை நடத்துகிறது. ஒரு நாடு அதனோடு ஒரு தரம் இணைந்தால் போதும். நம்மூர்த் தபால்காரரைப் போல ஹப் உறையின் மேல் உள்ள முகவரியை மட்டும் பார்க்கும், உள்ளே பிரிக்காது. கொண்டு சேர்த்த பிறகு தன்னிடம் வைத்துக்கொள்ளவும் செய்யாது. சொந்தமாக மென்பொருள் கட்டும் வசதி இல்லாத நாடுகளுக்கு ‘ஜென்ஸ்’ என்ற பொதுத் தளத்தையும் தருகிறார்கள். அதன் முன்னோட்டத்தில் கானா, சமோவா ஆகியவற்றோடு நம் பக்கத்திலிருக்கும் இலங்கையும் இருந்தது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகள் ஹப்போடு சேர்ந்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் தன் ட்ரேசஸ் தளத்தின் வழியே மின்-பைட்டோ வாங்குகிறது.

இதில் உங்களுக்கு உறுத்தும் இடம் எது என்று எனக்குத் தெரியும். சான்றிதழ் உங்கள் கைக்கு வராது. அது அரசிலிருந்து அரசுக்குப் போய்விடும். உங்களுக்கு வருவது ஓர் எண்ணும், போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற தகவலும்தான். காசு கட்டியவன் நான், என் கையில் ஒன்றும் இல்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாக்குக் கொடுப்பது ஓர் அரசு, வாங்கிக்கொள்வது இன்னோர் அரசு. அதை நடுவில் தூக்கிக்கொண்டு போகும் வேலையை மட்டும், அந்தச் சரக்கில் லாபம் பார்க்கும் நம்மிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். தாள் முறையில் இருந்த பெரிய ஓட்டையே அதுதான். போலி பைட்டோ என்ற தொழிலே அந்த ஓட்டையில் முளைத்தது. நேர்மையாக அனுப்பும் ஆளும் அதனால் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறார். அவருடைய பெட்டியையும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கன்டெய்னர் ஃபீடர் கப்பலில் ஏறினால் ஒரு நாளுக்குள் கொழும்பு போய்விடும். கொரியரில் போட்ட தாள் அதற்குள் போய்விடுமா? சரக்கு முதலில் போய் நின்று தாளுக்காகக் காத்திருக்கிறது. டெமரேஜ் ஏறுகிறது, ரீஃபர் கன்டெய்னருக்கு மின்கட்டணம் தனியாக ஏறுகிறது. தாளின் வேகத்தில் வியாபாரம் பண்ணுவது கப்பல் ஐரோப்பாவுக்கு வாரக்கணக்கில் போகும்போது தெரிவதில்லை. பக்கத்து ஊருக்கு அனுப்பும்போது பளிச்சென்று தெரிகிறது. விமானத்தில் அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. தாளும் அதே விமானத்தில்தான் போகிறது, பவுச் தவறாத வரையில். ஆனால் மின்வழியில் போனால் விமானம் இறங்குவதற்கு முன்பே அக்கரை அதிகாரி விவரத்தைப் பார்த்து, எதைப் பிரிப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்து வைத்திருக்கலாம். பூ அனுப்புகிறவர்களுக்கு அப்படி மிச்சமாகும் நேரத்தின் விலை என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

இது நடக்கக்கூடியதுதானா என்ற கேள்விக்குக் கொரோனா பதில் சொல்லிவிட்டது. 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன, கொரியர் நின்றது. அந்த மாதக் கடைசியிலேயே ஐரோப்பிய ஆணையம் தற்காலிக விதி ஒன்று போட்டு, ஒரிஜினல் வராவிட்டால் மின்வழி வரும் நகலை வைத்துக்கொண்டு சோதனையை நடத்தலாம் என்று அனுமதித்தது. ஒரிஜினலைப் பிறகு சேர்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். ஆனாலும் பத்தாண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டது, வேறு வழியில்லை என்றானதும் சில வாரங்களில் முடிந்தது.

சரி, அரசுகள் மாறிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தாள் போகாது. ஏன் தெரியுமா? உங்களுக்கு வந்த எல்.சி.யை, அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதத்தை, எடுத்துப் பாருங்கள். ஆவணங்கள் பட்டியலில், பைட்டோ ஓர் ஒரிஜினலும் இரண்டு நகலும் என்று இருக்கும். யாரோ எப்போதோ எழுதியது. வங்கியின் பழைய மாதிரியிலிருந்து வாங்குபவரின் குமாஸ்தா அப்படியே பெயர்த்து எடுத்தது. வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளின்படி, எல்.சி. கேட்கும் ஒவ்வொரு ஆவணத்திலும் குறைந்தது ஓர் ஒரிஜினலாவது வங்கியில் கொடுத்தாக வேண்டும். சரக்கை விடுவித்த அரசு தாள் வேண்டாம் என்று சொன்னாலும், பணத்தை விடுவிக்கும் வங்கி தாள் எங்கே என்று கேட்கும். வங்கி ஊழியரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய வேலை ஆவணத்தைப் பார்ப்பது. கத்தரிக்காயைப் பார்ப்பது அல்ல.

சங்கக் கூட்டங்களில் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. அமைச்சகத்துக்கு மனு மேல் மனு போடுகிறோம். நம் சொந்த ஒப்பந்தத்தில் தாளைக் கட்டிப் போட்டிருக்கும் வரியை நாம் தொடுவதில்லை. அதை மாற்ற எந்த அமைச்சகமும் தேவையில்லை. வாங்குபவரிடம் ஒரு மின்னஞ்சல் போதும். ஹப்பில் இருக்கும் நாட்டுக்கு மின்-பைட்டோ போகிறது என்றால், எல்.சி.யின் ஆவணப் பட்டியலிலிருந்து பைட்டோவை எடுத்துவிடுங்கள் என்று கேளுங்கள். அது இல்லாமல் சரக்கு அவர் நாட்டுக்குள் நுழையவே முடியாது என்பதால் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், நகல் போதும் என்றாவது எழுதச் சொல்லுங்கள். ‘மின்வழியில் அனுப்பப்பட வேண்டும்’ என்று வெறும் நிபந்தனையாக மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். எந்த ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லாத நிபந்தனையை வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

இனி நம் வீட்டு அழுக்கு.

தாளை மனிதன் படிக்கிறான், மனிதன் மன்னிப்பான். ‘கலவைக் காய்கறிகள், இணைப்பில் உள்ளபடி’ என்று எழுதி இருபது வகையை ஒரே வரியில் அடக்கியவர்கள் நாம்தான். இயந்திரம் அப்படி வாங்காது. ஒவ்வொரு காய்க்கும் தாவரவியல் பெயர், எடை, பெட்டி எண்ணிக்கை தனித்தனியே கேட்கும். கறிவேப்பிலையைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாள்களில் முர்ராயா கோனிகி; புதிய வகைப்பாட்டில் பெர்ஜெரா கோனிகி. இரண்டும் ஒரே இலைதான் என்று குவாரன்டைன் அதிகாரிக்குத் தெரியும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்குத் தெரியாது. இதற்காகவே ஒவ்வொரு செடிக்கும் ஐந்தெழுத்துக் குறியீடு ஒன்றை ஐரோப்பிய மத்தியதரைத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கிறது. மின்-பைட்டோவில் அதைப் பயன்படுத்தலாம். நீங்கள் அனுப்பும் பொருட்கள் மொத்தம் முப்பதோ நாற்பதோ இருக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சரியான பெயரையும் குறியீட்டையும் எச்.எஸ். எண்ணையும் ஒரே அட்டவணையில் எழுதி வையுங்கள். அலுவலகத்தில் ஆள் மாறினாலும் அது மாறக் கூடாது.

கறிவேப்பிலைக்கு ஐரோப்பாவில் பைட்டோவோடு கதை முடிவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வெண்டைக்காயும் அங்கே பூச்சிக்கொல்லி எச்சத்துக்காகத் தனிக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்து வந்திருக்கின்றன. எள்ளில் எத்திலீன் ஆக்சைடு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 2020 அக்டோபரில் இந்திய எள்ளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆய்வக முடிவும் அரசுச் சான்றிதழும் கூடவே வர வேண்டும் என்றார்கள். தாவர நலத்துக்கு ஒரு துறை, உணவுப் பாதுகாப்புக்கு இன்னொரு துறை, இரண்டு சான்றிதழ், ஒரே பெட்டி. இரண்டிலும் லாட் எண் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள்.

அடுத்தது டோக்கன். டிஜிட்டல் கையெழுத்துக்கான அந்தச் சின்ன யு.எஸ்.பி. இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் முகவரின் மேசை இழுப்பறையில், வேறு பத்து கம்பெனிகளின் டோக்கன்களோடு, பின்பக்கத்தில் பின் எண் எழுதி ஒட்டிய சீட்டோடு. எல்லா ஊரிலும் இதுதான் நடைமுறை, எனக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பார்வையில் அந்த டோக்கன் போடும் கையெழுத்து உங்கள் கையெழுத்து. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடம் கொடுத்து வைக்க மாட்டீர்கள் அல்லவா? முகவர் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். ஒரு தவறான அறிவிப்பு போய்விட்டால் மாட்டிக்கொள்வது நீங்களும்தான். ஏற்றுமதியாளர்களே, முகவர்களுக்கு அவர்கள் பெயரிலேயே தனி அனுமதி கொடுங்கள்; யார் எதைத் தட்டினார்கள் என்ற தடம் இருக்கும்.

சான்றிதழ் மின்வழிக்கு மாறியதும் நிராகரிப்பு நின்றுவிடும் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். நம்பாதீர்கள். 2013இல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியக் காய்கனிச் சரக்குகளில் 207 சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2014 மே 1 முதல் மாம்பழத்தையும் பாகல், புடலை, கத்தரி, சேம்பு ஆகியவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. அல்போன்சோ பருவம் உச்சத்தில் இருந்த நேரம். சான்றிதழ் முறை அப்போதும் இருந்தது, முத்திரை இருந்தது, பூச்சியும் இருந்தது. தடை அடுத்த ஆண்டே மாம்பழத்துக்கு நீங்கியது. காரணம், அங்கீகாரம் பெற்ற பேக்ஹவுஸ் வழியாக மட்டுமே, குவாரன்டைன் ஆய்வோடுதான் சரக்கு போகும் என்று ஏற்பாட்டைத் திருத்தியது. சான்றிதழ் தாளில் இருந்ததா கணினியில் இருந்ததா என்பது அங்கே பேச்சாகவே இல்லை.

பிரேசிலில் நடந்தது இதைவிட மோசம். 2017 மார்ச்சில் அந்நாட்டுக் காவல்துறை ‘கார்னே ஃபிராக்கா’ என்ற பெயரில் சோதனை நடத்தியபோது, லஞ்சம் வாங்கிக்கொண்டு பார்க்காமலே இறைச்சிக்குச் சான்றிதழ் கொடுத்த ஆய்வாளர்கள் சிக்கினார்கள். உலகத்தின் மிகப்பெரிய இறைச்சி ஏற்றுமதியாளர்களில் ஒன்றான நாட்டின் சரக்கைச் சீனா முதல் பல நாடுகள் சில நாட்களுக்குள் நிறுத்தின. அங்கே தாள் போலியில்லை, கையெழுத்தும் அசல்தான். உள்ளேயிருந்த வாக்குதான் பொய். பெட்டியைத் திறக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்தும் அதிகாரியிடமிருந்து எந்த எக்ஸ்.எம்.எல்.லும் நம்மைக் காப்பாற்றாது.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். 2003இல் நெதர்லாந்தில் இந்தியத் திராட்சை பூச்சிக்கொல்லி எச்சத்துக்காக மாட்டிக்கொண்டது. அதன் பிறகு வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபெடா அமைத்த கிரேப்நெட் தளத்தில் நாசிக் பக்கத்துத் தோட்டம் பதிவு செய்யப்படுகிறது. தோட்டத்துக்கு எண், மாதிரிக்கு எண், ஆய்வக முடிவு நேரே தளத்தில், பேக்ஹவுஸ் விவரம் அதன் மேல், கடைசியில் பைட்டோ. ஆய்வகத்தில் தேறாத தோட்டத்தின் பழத்துக்கு அடுத்த படி திறக்காது. சான்றிதழ் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதற்குள் எழுத வேண்டியது எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. நம்மூர்க் காய்கறிக்கு அந்த ஏற்பாடு அவ்வளவு எளிதில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாசிக்கில் ஒரு பயிர். நமக்கு ஒட்டன்சத்திரம் சந்தையில் யார் தோட்டத்துக் காய் யார் மூட்டையில் கலந்தது என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. ஆனால் தொடங்க வேண்டிய இடம் அந்தச் சந்தைதான், குவாரன்டைன் கவுன்டர் அல்ல.

மீன்காரர்களுக்குக் காலக்கெடு ஏற்கெனவே வந்துவிட்டது. சட்டவிரோத மீன்பிடிக்கு எதிரான ஐரோப்பிய விதிப்படி 2010 ஜனவரி 1 முதல் பிடிப்புச் சான்றிதழ் கொடுத்து வருகிறீர்கள். 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பிய இறக்குமதியாளர் அதை ‘கேட்ச்’ என்ற மின்தளத்தில்தான் சமர்ப்பிக்க வேண்டும். நீங்கள் தாளில் கொடுத்தால் அவர் உட்கார்ந்து தட்டுவார். தட்டும்போது படகின் பெயரும் பதிவெண்ணும் எடையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது உடனே தெரியும். முன்பு அதிகாரியின் கண்ணுக்குத் தப்பியது இப்போது தப்பாது. இயற்கை வேளாண் பொருட்களுக்கான ஆய்வுச் சான்றிதழ் 2017இலேயே ட்ரேசஸுக்குள் போய்விட்டது. உணவுப் பொருட்களின் அரசுச் சான்றிதழ்களுக்கான, கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத்தர அமைப்பின் வழிகாட்டியையும் 2021இல் தாளில்லாப் பரிமாற்றத்துக்கு ஏற்றபடி திருத்திவிட்டார்கள்.

போட்டியாளருக்கு நம் வாடிக்கையாளர் தெரிந்துவிடும் என்று ஒருவர் என்னிடம் தனியாகக் கவலைப்பட்டார். பைட்டோவில் விலை கிடையாது. வாங்குபவர் பெயர் உண்டு, அது தாளிலும் உண்டு. அந்தத் தாள் எத்தனை மேசைகளில் திறந்தபடி கிடக்கிறது என்று பார்த்திருக்கிறோம். பயப்பட வேண்டியது ஹப்பைப் பற்றி அல்ல, தகவலை நம் நாட்டுத் தளங்களில் யார் யார் பார்க்கலாம் என்பதைப் பற்றி. அதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

அரசிடம் கேட்பதற்கு வருகிறேன். முதலாவதும் முக்கியமானதும்: தாளும் மின்வழியும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு முடிவுத் தேதி வேண்டும். சோதனைக் காலத்தில் இரண்டும் வேண்டும் என்பது நியாயம். அந்தக் காலம் முடிவதே இல்லை என்பதுதான் நம் அனுபவம். ஒவ்வொரு வாங்கும் நாட்டுக்கும், இந்த நாளிலிருந்து தாள் தர மாட்டோம், அவர்களும் கேட்க மாட்டார்கள் என்று அறிவிக்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது; அதில் மின்நகலை ஏற்க நாடுகள் ‘முயல வேண்டும்’ என்றுதான் இருக்கிறது. முயல்வதற்குத் தேதி கிடையாது. தேதியை இரு நாடுகளும் பேசித்தான் வைக்க வேண்டும். அதற்கு அழுத்தம் கொடுக்க வேண்டியது நாம்.

பிறகு, திருத்தம். தாளில் எழுத்துப்பிழை என்றால் அதிகாரியிடம் ஓடி மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடலாம். அனுப்பப்பட்ட கோப்பில் பிழை என்றால் யார் ரத்து செய்வது, எத்தனை மணி நேரத்தில் மாற்று போகும், ராத்திரி பதினொரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் எழுதி ஒட்டப்பட வேண்டும். தளம் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கும் அப்படியே. அழுகும் சரக்கு வைத்திருப்பவனுக்கு “நாளைக்கு வாங்க” என்பது பதில் ஆகாது. அதோடு, ஒரு துறையில் கொடுத்த விவரத்தை மறு துறை மறுபடி கேட்கக் கூடாது. சுங்கத்தின் ஸ்விஃப்ட் ஒற்றைச் சாளரம் இறக்குமதிக்கு 2016இல் வந்தபோது சொன்னது இதைத்தான். ஏற்றுமதிப் பக்கத்திலும் அதே வேகத்தில் நடக்கட்டும். தளத்தின் படிவம் தமிழிலும் வேண்டும் என்று கேட்க எனக்கு ஆசை. சான்றிதழ் ஆங்கிலத்தில் போகட்டும். விண்ணப்பிப்பவர் படிக்கும் குறிப்பும் பிழைச் செய்தியும் தமிழில் இருந்தால், பேக்ஹவுஸில் பெட்டி எண்ணும் பெண்மணியே எடையைச் சரியாகப் போட்டுவிடுவார். அவர் அருகில்தான் தராசு இருக்கிறது. அலுவலகத்தில் ஊகித்துத் தட்டுவதைவிட அது மேல்.

இப்போதைக்கு உங்களிடம் நான் கேட்பது சிறியது. அடுத்த ஆர்டரின் எல்.சி. வரைவு வரும்போது ஆவணப் பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். வாங்குபவரின் நாடு மின்-பைட்டோ வாங்குகிறதா என்று அவரையே கேளுங்கள். அவர் தன் நாட்டுக் குவாரன்டைன் அலுவலகத்தில் விசாரிக்கட்டும். வாங்குகிறது என்று பதில் வந்தால், ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி ஒரு திருத்தம் கேளுங்கள். மறுத்தால் என்ன காரணம் சொன்னார் என்று எழுதி வையுங்கள். எந்த நாடு, எந்தப் பொருள், எந்த வங்கி மறுத்தது என்ற பட்டியல் ஒன்று சங்கத்தில் சேரட்டும். ஃபரிதாபாத்தில் இருக்கும் தாவரப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும் டெல்லியில் இருக்கும் வணிக அமைச்சகத்துக்கும் போகும் அடுத்த மனுவில் பொதுவான புலம்பலுக்குப் பதிலாக அந்தப் பட்டியலை இணையுங்கள். பட்டியல் தொகுக்க ஆள் வேண்டுமென்றால் எனக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
ஆவணப் பிரிவுப் பழைய ஆள் ஒருவன்